ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு

ஒரு தட்டு கேட்டது, நான் இரண்டு தட்டினேன், அவ்வளவுதான், இனி அடுத்த தட்டு வரும்வரை நான் உயிரோடு இருப்பதாக எட்டியப்பன் அண்ணன் நம்பிக்கொண்டிருக்கலாம். மேலே மேன்ஹோல் ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருப்பார், வலது கையில் ஸ்பேனர், இடது உள்ளங்கை தகட்டின் மேல். காதால் கேட்க முடியாது, பக்கத்திலேயே புளோயர் இரைந்துகொண்டிருக்கிறது, ஒரு துணிக்குழாய் வழியாக எனக்குக் காற்றை அனுப்பிக்கொண்டு. அதனால் காவல் இருப்பவர்கள் எல்லோரும் உள்ளங்கையால்தான் கேட்பார்கள். ஒரு தட்டு என்றால் இருக்கிறாயா. இரண்டு தட்டு என்றால் இருக்கிறேன். வாக்கி-டாக்கி எஃகுக்குள் இறங்கியதும் ஊமையாகிவிடும், கைபேசியையும் கடிகாரத்தையும் மேலே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஆகவே தொட்டிக்குள் இருப்பவனுக்கும் உலகத்துக்கும் நடுவில் இந்தப் பேச்சு மட்டும்தான். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் காவலாள் மணியை அடிப்பார், முகமூடியும் முதுகில் காற்று உருளையும் மாட்டிய ஆட்கள் ஓடி வருவார்கள். நான் இங்கே படுத்திருக்கிறேன், கடற்படைக் கப்பலின் வயிற்றுக்கும் கீழே, இரண்டு தளங்களுக்கு நடுவிலிருக்கும் அடித்தொட்டியில், நிமிர்ந்து உட்கார முடியாத உயரத்தில், கைவிளக்கை மார்பில் வைத்துக்கொண்டு, தட்டுவதற்கான சுத்தியலைக் கைக்கருகே போட்டுக்கொண்டு. புதிதாக வைத்த தகடுகளின் பற்றவைப்பைப் பார்த்து, சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு, இல்லையென்றால் ஒரு வட்டம். என் முதுகுக்குக் கீழே ஒரு தகடு. அதற்குக் கீழே இப்போது காற்று, மரக்கட்டைகள், தண்ணீரை இறைத்து வெளியேற்றிய டாக்கின் ஈரத் தரை. நாளைக் காலை ஓதம் ஏறும்போது கதவைத் திறந்து கடலை உள்ளே விடுவார்கள், அப்போது இதே தகட்டுக்குக் கீழே தண்ணீர் இருக்கும். இன்று மாலைக்குள் எல்லாத் தொட்டிகளையும் மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஆள் இருக்கிறானா என்று பார்ப்பார்களா, பார்ப்பார்கள், நிச்சயம் பார்ப்பார்கள், விளக்கு அடித்துப் பார்ப்பார்கள், ஆனால் விளக்கு எவ்வளவு தூரம் போகும், இந்தத் தடுப்புகளுக்குப் பின்னால், இந்த முட்டை வடிவ ஓட்டைகளைத் தாண்டித் தாண்டி நான் ஊர்ந்து வந்த இந்த மூலைக்கு எந்த விளக்கு வரும்.

இரண்டு தட்டு. உள்ளேன் ஐயா. ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறேன், பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன், பையன்கள் சிரிப்பார்கள், சீராளன் என்பதில் சீ என்றதுமே எழுந்துவிடுகிறானே என்று வாத்தியாரும் சிரிப்பார். சொல்லாமல் விட்டால் இல்லாமல் போய்விடுவேன் என்று எனக்கு ஒரு பயம், அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பா சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், அங்கே பெயர் கூப்பிடும்போது ஒரு நொடி தாமதித்தால் அன்றைக்கு வேலை வேறொருவனுக்குப் போய்விடும், ஒருவேளை அங்கிருந்து வந்திருக்கலாம். கல்லூரியில் மற்றவர்கள் ஒருவருக்காக ஒருவர் குரல் மாற்றி வருகை சொல்வார்கள். எனக்காக யாரும் சொன்னதில்லை, நான் யாருக்காகவும் சொன்னதில்லை. முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீஸில் எழுதிக் கொடுத்தார்கள், வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை. முதல் ஆள் என்றால் முன்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. போன மாதம் வாயு மீட்டர் கத்தியது, நான் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன், மொத்த டாக்கும் காலி, கடற்படை அதிகாரி ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தார், கடைசியில் பார்த்தால் மீட்டரில் பேட்டரி தீர்ந்துபோய் அதற்காகக் கத்தியிருக்கிறது. அன்றிலிருந்து நான் சைரன் சார். கேன்டீனில் யாராவது தட்டைக் கீழே போட்டால், சைரன் சார் ஓடு, என்பார்கள். எங்கள் மேலாளர் ரகோத்தமன் சார் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, உன் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி இன்னும் எழுதவில்லை, எழுதுகிற சமயத்தில் இன்னொரு முறை இப்படிச் செய்துவிடாதே என்று மெதுவாகச் சொன்னார். சரி சார். உள்ளேன் சார். இந்தப் பற்றவைப்பு சரி, ஒரு கோடு. இதுவும் சரி. இதில் ஊசித்துளை மாதிரி ஏதோ, விரலால் தடவினால் இல்லை, விளக்கைச் சாய்த்தால் இருக்கிறது, நிமிர்த்தினால் இல்லை.

தட்டு. இவ்வளவு சீக்கிரமா. இப்போதுதானே பதில் சொன்னேன், அல்லது இப்போது இல்லையா, ஊர்ந்து வந்ததும் அந்த வளைவில் முட்டி இடித்ததும் எவ்வளவு நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு என்பது விதி. ஆனால் மதியத்துக்குப் பிறகு தட்டுகள் முன்னும் பின்னுமாக வருகின்றன, நீண்ட இடைவெளி, உடனே ஒன்று, பிறகு ஒன்று, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. சாப்பிடும்போது எட்டியப்பன் அண்ணன்தான் ஆரம்பித்தார். எலுமிச்சைச் சாதத்தில் கிடந்த மிளகாயை ஓரமாக ஒதுக்கிவிட்டு, முகத்தில் எந்தச் சிரிப்பும் இல்லாமல், சோற்றுப் பருக்கையைப் பார்த்தபடி சொன்னார்.

"சார், இந்தக் கப்பல்ல அந்த அடி டாங்க்கு பக்கம் ஒண்ணு தட்டும். நான் தட்டுறது இல்ல, வேற. கேட்டா பதில் சொல்லிடு. சொல்லலன்னு வெச்சுக்க, ஆள் இருக்கானான்னு அதுவே உள்ள வந்து பாத்துட்டுப் போவும்."

சுற்றியிருந்தவர்கள் இருமினார்கள். அதில் ஒருவர் தஸ்நேவிஸ், தூத்துக்குடிக்காரர், பெயிண்ட் அடிக்கிறவர், அவர் மட்டும் வெளிப்படையாகச் சிரித்து, அண்ணாச்சி, பாவம், பிள்ளைய பயமுறுத்தாதீரும் என்றார். நானும் சிரித்தேன். சிரிப்பது நல்லது, சிரித்தால் புரிந்துகொண்டவன் மாதிரி இருக்கும். இறங்கிய பிறகு முதலில் அப்படி ஒரு தட்டு வந்தபோது, எட்டியப்பன் அண்ணனுக்குப் பதில் சொல்லிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்கவில்லை, நான் பேசாமல் இருந்தேன், அதற்கு எங்கோ இரண்டு தட்டு கேட்டது. என் தட்டின் எதிரொலி என்று நினைத்தேன், நான் தட்டவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது, உறைத்ததும் கழுத்து முடி எழுந்து நின்றது. அடுத்த முறையும் அப்படி. அதற்கடுத்த முறை, ஒரு தட்டு வந்தது, நான் காத்திருந்தேன், பதில் வரவில்லை. எதுவும் வரவில்லை. எஃகு அப்படியே இருந்தது. தொட்டியின் இருட்டு முழுவதும் என் பக்கம் திரும்பி, நீதான் சொல்ல வேண்டும் என்று நிற்பது போலிருந்தது. மறுபடியும் அந்த ஒரு தட்டு, கொஞ்சம் பலமாக. நான் சுத்தியலை எடுத்து இரண்டு தட்டிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, பி.இ. படித்தவன் இல்லாத ஒன்றுக்கு வருகை சொல்கிறான். ஆனால் தட்டியதும் எல்லாம் அடங்கியது, யாரோ திருப்தியாகித் திரும்பிப் போனது மாதிரி. அதிலிருந்து வருகிற எல்லாத் தட்டுக்கும் பதில் சொல்லி வருகிறேன். இப்போதும் சொல்லிவிட்டேன். எது அண்ணனுடையது, எது அதனுடையது என்று எனக்குத் தெரியாது, ஒரு தட்டு என்பது ஒரு தட்டுதான், அதற்குக் குரல் கிடையாது, எஃகில் அது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, கீழிருந்தும் வருகிறது, என் பல்லுக்குள்ளிருந்தும் வருகிறது.

அந்த இரண்டு தட்டு. நான் தட்டாத அந்த இரண்டு தட்டு. அது எப்படி இருந்தது. முதல் தட்டுக்குப் பின்னால் இரண்டாவது அவசரமாக, ஒட்டிக்கொண்டு, வால் மாதிரி. அதை எனக்குத் தெரியும். எங்கே தெரியும். உள்ளங்கைக்குத் தெரியும். போன வாரம் காவலாள் தேநீர் குடிக்கப் போனபோது அவருடைய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், கையைத் தகட்டில் வைத்திருந்தேன், உள்ளே இருந்த ஆள் இப்படித்தான் தட்டினார், வெளியே வந்ததும் ஏன் அப்படித் தட்டுகிறீர்கள் என்று கேட்டேன், தஸ்நேவிஸ் சிரித்துவிட்டு, கையில பிரஷ் இருக்கு சார், சீக்கிரம் சொல்லிட்டு வேலையைப் பாக்கணும்லா என்றார். தஸ்நேவிஸ். மதியம் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே, நானும் கீழதான், ஒரு மூலையில இன்னொரு பூச்சு பாக்கி கிடக்கு என்று சொல்லி, டப்பாவைத் தூக்கிக்கொண்டு இடதுபக்க வழியில் போனார். இடதுபக்க வழியில் இருக்கும் மேன்ஹோல் எந்தத் தொட்டிக்கு. நான் தலையைத் திருப்பி என் தோளுக்கு அருகிலிருக்கும் இந்த இடைச்சுவரைப் பார்க்கிறேன். இதற்குத்தான். இதற்கு அந்தப் பக்கத்துக்குத்தான். அங்கே காவல் மாசிலாமணி, எட்டியப்பன் அண்ணனின் மச்சான், அவருக்கு நேரமெல்லாம் கிடையாது, நினைத்தபோது தட்டுவார். எட்டியப்பன் அண்ணனுக்கு இது எல்லாம் தெரியும், தெரிந்துதான் சொன்னார், பக்கத்துத் தொட்டியின் தட்டு எனக்குக் கேட்கும் என்று தெரிந்துதான், எனக்கு விளையாட்டுக் காட்ட. ஆகவே பேய் இல்லை. எதுவும் இல்லை. சிரிக்கலாம். நான் சிரிக்கப் போகிறேன், வாய் திறக்கிறது, அதற்குள் அது வந்துவிடுகிறது, குளிர்ந்த எண்ணெய் மாதிரி முதுகில் இறங்குகிறது: மாசிலாமணி தட்டினார், தஸ்நேவிஸ் பதில் சொன்னார். மாசிலாமணி தட்டினார், தஸ்நேவிஸ் பதில் சொன்னார். மாசிலாமணி தட்டினார், தஸ்நேவிஸ் பதில் சொல்லவில்லை. மாசிலாமணி மறுபடியும் தட்டினார், நான் பதில் சொன்னேன்.

இல்லை, அப்படி இருக்காது. அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்கச் சோம்பல்பட்டிருக்கலாம். நான் முந்திக்கொண்டதால் அவர் விட்டிருக்கலாம், யாரோ நமக்காகச் சொல்கிறான் என்று. வெளியே போய் உட்கார்ந்திருக்கலாம். வெளியே போயிருந்தால் மாசிலாமணி ஏன் தட்டுகிறார். கையுறையைக் கழற்றிச் சுவரில் கையை வைக்கிறேன். மதியம் இறங்கியபோது இந்தச் சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது, லேசாக, பூனையின் வயிறு மாதிரி, தோள் படும்போதெல்லாம் கூசியது. அந்தப் பக்கத்துக் காற்றுக்குழாயின் வாய் சுவரில் சாய்ந்து கிடந்திருக்கும், காற்று சுவரில் அடித்துக்கொண்டிருந்திருக்கும். இப்போது நடுக்கம் இல்லை. கையை நகர்த்திப் பார்க்கிறேன், மேலே, கீழே, இல்லை, குளிர்ந்த தகடுதான். குழாய் நழுவி விழுந்திருக்கலாம். மடங்கியிருக்கலாம். மடங்கினால் மேலே புளோயர் இரைந்துகொண்டேதான் இருக்கும், மாசிலாமணிக்கு எல்லாம் சரியாக ஓடுவதாகத்தான் இருக்கும், உள்ளே காற்று வராது, பூச்சின் ஆவி மட்டும் ஏறிக்கொண்டே போகும். வாசனையில் தெரியாதா. தஸ்நேவிஸுக்குத் தெரியாது. அவரே சொன்னார்.

"நமக்கு மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு சார். வீட்ல மீன் கருகுனாகூட பொண்டாட்டி சொல்லித்தான் தெரியும்."

எத்தனை முறை பதில் சொன்னேன். எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு உள்ளங்கை அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறது. வாழ்க்கையில் ஒருவனுக்காகவும் வருகை சொல்லாதவன் நான்.

போக வேண்டும், மேலே போய்ச் சொல்ல வேண்டும். ஓட்டைகளை நினைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு கை, தலை, அப்புறம் தோளைச் சாய்த்து, வந்ததற்கே அவ்வளவு நேரம் ஆனது. ஊர்ந்தால் பூட்ஸ் இடிக்கும், பெல்ட்டின் கொக்கி உரசும், விளக்கின் கம்பிக்கூடு ஒவ்வொரு விளிம்பிலும் டக் டக் என்று படும், அதற்குள் மாசிலாமணி தட்டினால், அந்த டக் டக் அவர் கைக்குப் போகும், இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார். கத்தலாமா. புளோயருக்கு மேலே எந்தக் குரலும் போகாது. சுத்தியலால் நூறு முறை அடிக்கலாமா, நிறுத்தாமல். நூறு முறை அடித்தால் அது துரு தட்டுகிற வேலை, இந்தக் கப்பலில் நாள் முழுக்க யாரோ எங்கேயோ துரு தட்டிக்கொண்டிருக்கிறார்கள், காவலாட்களின் கை அதை வாங்கிக்கொள்வதே இல்லை. நான் எந்தச் சத்தம் போட்டாலும் ஒன்று அது வேலை, இல்லையென்றால் நலம். சத்தம் போடாமல் இருப்பதற்கு மட்டும்தான் இங்கே வேறு அர்த்தம். மூன்று முறை. எந்தத் தட்டு யாருடையது என்று தெரியாததால் இரண்டு பேருக்குமே பதில் சொல்லக் கூடாது. எட்டியப்பன் அண்ணனும் மணி அடிப்பார். மொத்த டாக்கும் காலியாகும். நாளைய ஓதம் தவறும். தஸ்நேவிஸ் அந்தப் பக்கம் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருந்தால், எதுவும் இல்லையென்றால், பேட்டரி தீர்ந்த மீட்டர் மாதிரியே இதுவும் என்றால், ரகோத்தமன் சார் மறுபடியும் கண்ணாடியைத் துடைப்பார், இந்த முறை ஒன்றும் சொல்ல மாட்டார், எழுதிவிடுவார். அப்பா கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார், பையன் நேவி கப்பலுக்கு இன்ஜினியர் என்று. ஆமாம், பேய் தட்டுகிறது என்று நினைத்து, பக்கத்துத் தொட்டிக்காரருக்கு வந்த தட்டுக்கு நான் பதில் சொன்னேன் சார். அப்படியே சொல்ல வேண்டியதுதான். வேறு எப்படிச் சொல்வது. விளக்கை மெதுவாக வயிற்றின் மேல் நகர்த்தி, சட்டைத் துணியில் அழுத்தி வைக்கிறேன். சுத்தியலை மார்பில் படுக்க வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். குதிகாலைத் தூக்கிக்கொள்கிறேன், அது தகட்டில் பட்டுச் சத்தம் எழக் கூடாது.

தட்டு.

கை தானாக எழுகிறது, சத்தியமாக நான் எழுப்பவில்லை, இன்னொரு கைதான் அதைப் பிடித்து அழுத்துகிறது. தொண்டைக்குள் உள்ளேன் ஐயா முட்டிக்கொண்டு நிற்கிறது. சொல்லாவிட்டால் இல்லாமல் போய்விடுவேன். போகட்டும். யாருடைய தட்டு அது. வியர்வை காதுக்குள் இறங்குகிறது, அந்தச் சத்தம்கூடப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தஸ்நேவிஸ், இப்போது தட்டுங்கள், அந்த வால் வைத்த இரண்டு தட்டு, எனக்கு அது கேட்டால் போதும், நான் முட்டாளாகிவிடுகிறேன், சைரன் சாராகவே இருந்துவிடுகிறேன், கேன்டீனில் எல்லோரும் தட்டைக் கீழே போடட்டும். ஒன்றும் கேட்கவில்லை. மீண்டும் தட்டு, இந்த முறை பலமாக. இது இரண்டாவதா, இல்லை மற்றவரின் முதலாவதா. மாசிலாமணியின் உள்ளங்கையை நினைத்துக்கொள்கிறேன், ரேகைகளில் கிரீஸ் படிந்த கை, தகட்டில் பரப்பி வைத்தது, இப்போது கொஞ்சம் அழுத்தி வைக்கிறது. கேட்கட்டும். இப்படியே கேட்டுக்கொண்டிருக்கட்டும். தட்டு. தட்டு. இரண்டு பேரும் கேட்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கேட்கிறார்கள், எஃகு முழுவதும் கேட்கிறது, இருக்கிறாயா, இருக்கிறாயா, நான் மூச்சைக்கூட வாயால் விடுகிறேன்.

அப்போதுதான் அது வந்தது. மேலிருந்து இல்லை. சுவரில், என் முழங்காலுக்குப் பக்கத்தில், மிகத் தாழ்வாக, தரையோடு தரையாக, ஒரு தட்டு. ஒன்றுதான். சுத்தியல் இல்லை, பிரஷ்ஷின் கட்டையாக இருக்கலாம், விரல் கணுவாக இருக்கலாம், டப்பா சாய்ந்ததாகவும் இருக்கலாம். மேலே இருப்பவரின் கைக்கு எட்டாத அளவு மெல்லிய தட்டு. ஒரு தட்டு என்றால் இருக்கிறாயா. உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்ட மாட்டார், உள்ளே இருப்பவர் கேட்பதில்லை, சொல்வதுதான் வழக்கம். அவர் கேட்கிறார். எனக்குத் தெரியும் அவர் என்னைத்தான் கேட்கிறார். இரண்டு தட்டினால் அவருக்குக் கேட்கும். மாசிலாமணிக்கும் கேட்கும். மாசிலாமணி நிம்மதியாகி ஸ்பேனரை மடியில் வைத்துவிடுவார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோளைத் தூக்கி, கையுறை இல்லாத கையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய், சத்தமே இல்லாமல், ஐந்து விரலையும் விரித்துத் தகட்டில் வைக்கிறேன். அவருக்கு இது தெரியாது. பதில் சொல்லாதவனாகத்தான் நான் அவருக்கு இருப்பேன். தகடு குளிர்ந்திருக்கிறது. என் கை சூடாக இருக்கிறது, அந்தச் சூடு எவ்வளவு நேரத்தில் அந்தப் பக்கம் போகும், படித்தேனே, அதற்கு ஒரு சூத்திரம் இருந்ததே, எஃகின் தடிமன் தெரியும், மற்றது மறந்துவிட்டது. தட்டு, மேலிருந்து, மிகப் பலமாக.

மணி. எங்கோ மேலே, நான் இறங்கிய மேன்ஹோல் பக்கத்திலிருந்து, எட்டியப்பன் அண்ணன்தான், எனக்காக அடிக்கிறார், விடாமல் அடிக்கிறார். என் பெயரைக்கூடக் கூப்பிடுகிறாரோ என்னவோ. இன்னும் கையை எடுக்கவில்லை. இன்னும் ஒன்று வர வேண்டும். இன்னும் ஒன்று. என் ஒருவனுக்காக அடித்த மணியோடு இது நின்றுவிட்டால். அப்புறம் இடதுபக்கத்திலிருந்து, தயங்கி, முதலில் ஒரே ஒரு அடி, பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி, இரண்டாவது மணி. புளோயர்கள் இரண்டும் அமுங்கிப்போகிற மாதிரி தளம் முழுக்கக் காலடிகள், மேலே, தகடுகளின் மேல், இடதுபக்கமாக ஓடுகிற காலடிகள். இனி எந்தச் சத்தத்தாலும் இதை நிறுத்த முடியாது. நான் சுத்தியலை எடுத்தேன், கை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு தட்டினேன். பிறகு உள்ளங்கையை மறுபடியும் தகட்டில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்று தட்டினேன்.